சென்னியப்பனுக்குப் பச்சை எரியவில்லை

திரையில் மூன்று வந்தால் பொத்தானை அமுக்கக் கூடாது. வேறு எந்த எண் வந்தாலும் அமுக்க வேண்டும். பரீட்சை இவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக முக்கால் மணி நேரம் எண்கள் வந்துகொண்டே இருந்தால், பெரிய படிப்பு படித்தவர்களுக்கே கொஞ்ச நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிடும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தோன்றும். தோன்றிய அந்த நொடியில் பார்த்து மூன்று வரும், விரல் தன் பாட்டுக்கு அமுக்கித் தொலைக்கும். ஒருவரின் மனம் வேலையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது நழுவுகிறது என்று அளக்க மனோதத்துவக்காரர்கள் ரொம்பக் காலமாக வைத்திருக்கும் பொறி இது.

சென்னியப்பன் அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. நாமக்கல் தொடர்கவன அளவீட்டு மையத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. மையத்தின் பரிசோதனை அதிகாரி டாக்டர் மங்கையர்க்கரசி முடிவைத் திரையில் பார்த்தாள். சந்தேகப்பட்டு இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவர் காதைப் பார்த்தாள். காதில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.

அரசாணையில் அதற்குத் தொடர்கவன மானி என்று பெயர். ஜனங்கள் கடுக்கன் என்பார்கள். காது மடலைக் கவ்விக்கொண்டு மிளகளவில் உட்கார்ந்திருக்கும். மூளையில் ஓடுவதை வாசித்து நிறம் காட்டும். மனம் வேலையில் இருந்தால் பச்சை. ஊர்சுற்றக் கிளம்பிவிட்டால் சிவப்பு. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றால் மஞ்சள். விரல் பழக்கத்தில்கூடச் சரியாக அமுக்கிவிடும், கடுக்கன் பொய் சொல்லாது என்பது இந்த மையங்களை நடத்தும் வாரியத்தின் கொள்கை. ஆகவே விரலும் கடுக்கனும் வேறு வேறு சொன்னால் கடுக்கன் சொல்வதே செல்லும்.

“என்ன நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?” என்று கேட்டாள் மங்கை.

“என்னத்தெ நெனைக்கறதுங்க? மூணு வந்தா அமுக்கக் கூடாது. இல்லீன்னா அமுக்கோணும். அதுல நெனைக்கறதுக்கு எடம் எங்கீங்க இருக்குது?”

“வீட்டு ஞாபகம் ஏதாவது?”

“ஊட்டு ஞாபகம் ஊட்டுக்குப் போனா வருமுங்க.”

சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றின் டிரைவர். அந்த மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஏறி இறங்குகிறார், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பரிசோதனையில் மட்டும் இது இரண்டாவது மஞ்சள்.

“மூணாவது தடவையும் மஞ்சள் எரிஞ்சா லைசென்ஸ் போயிடும். தெரியும்ல?”

“தெரியுமுங்க.”

“வேற தொழில் ஏதாவது பார்த்திருக்கீங்களா?”

“ஏனுங்க மேடம், நாந்தான் சரியா அமுக்கிட்டனே?” என்றார் சென்னியப்பன்.

மங்கை நாட்காட்டியைப் புரட்டினாள். அடுத்த பரிசோதனைக்கு ஒரு மாதம் தள்ளி நாள் கொடுத்து அனுப்பினாள்.

கடுக்கன் முதலில் டிரைவர்களுக்குத்தான் வந்தது. அதிலே யாருக்கும் குறை இல்லை. பிறகு நர்சுகளுக்கு வந்தது, வாத்தியார்களுக்கு வந்தது, வாத்தியார்கள் சும்மா விடுவார்களா, பிள்ளைகளுக்கும் வந்தது. அப்புறம் கடைகளிலேயே விற்க ஆரம்பித்தார்கள். பெண்கள் வாங்கிப் புருஷன் காதில் மாட்டிவிட்டு, அதன் பிறகே பேச்சைத் தொடங்கினார்கள். கல்யாணமான புதிதில் சிவப்பாக இருந்த ஆண்கள் பலர் இரண்டே வாரத்தில் பச்சைக்கு வந்துவிட்டதாகவும் குடும்பங்களில் அமைதி நிலவுவதாகவும் பத்திரிகைகளில் எழுதினார்கள். சட்டசபைக்கு மட்டும் வேண்டாம் என்று முடிவானது. எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசிய நாள் அது ஒன்றுதான்.

மங்கையின் காதில் எப்போதும் பச்சை. வாரியத்திலேயே அவளுடையதுதான் நல்ல பச்சை என்று வருடாந்தரக் கூட்டத்தில் கைதட்டினார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

சென்னியப்பனின் கேள்வி அவளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

காரவள்ளி தாண்டியதும் மலை ஆரம்பித்தது. அவர் ஓட்டுவதில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங்கைப் பிசையவில்லை, பிரேக்கை மிதிக்கவில்லை. வளைவு வந்ததும் வண்டி திரும்பியது. ஓரிடத்தில் காரணமே இல்லாமல் ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து பலாப்பழ லாரி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றாள் மங்கை.

“சத்தம் கேட்டுதுங்களே,” என்றார் அவர். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. அதற்குள் அவர் கண்ணாடியில் பார்த்துக் கண்டக்டரைக் கூப்பிட்டார். “தனசேகரு, கடைசி சீட்டு அம்மாவுக்கு ஒரு கவர் குடு. அடுத்த திருப்பத்துல வாந்தி வந்துரும்.”

வந்தது. கவரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இத்தனைக்கும் அவர் காதில் மஞ்சள்தான். ஒரு பயணி சத்தம் போட்டார். “டிரைவரண்ணா, மஞ்ச எரியுது பாருங்க. கொஞ்சம் ரோட்டெப் பாத்து ஓட்டுங்க.”

“எரியட்டுங்க,” என்றார் சென்னியப்பன்.

கண்டக்டர் தனசேகரன் காதில் கொழுந்து வெற்றிலை மாதிரி பச்சை. மங்கைக்குச் சில்லறை தவறாகக் கொடுத்தார். இரண்டு பேருக்குப் போகாத ஊருக்கு டிக்கெட் கிழித்தார். மலைமேல் செம்மேட்டில் டீ குடிக்க இறங்கியபோது அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“உங்களுக்கு எப்பவுமே பச்சைதானா?”

“எப்பவுமேங்க,” என்றார் தனசேகரன் பெருமையாக. “செக்கிங்காரங்க எந்தத் திருப்பத்துல நிப்பாங்கன்னு சொல்ல முடியாதுங்களே. எங்க ஊட்டுல சொல்லுவாங்க, தூங்கறப்பக்கூட எனக்குப் பச்சை எரியுதாமா.”

மங்கை டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். தூங்குகிறவனுக்கு என்ன கவனம்?

இறங்கும்போது பஸ் முழுக்கக் காதுகளாகத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். மாமியார் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணுக்குப் பச்சை. கணக்கு டியூஷனுக்குப் போகிற பையன்களுக்குப் பச்சை. ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள், மடியிலிருந்த குழந்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தாள். உலகத்திலே அதைவிடப் பெரிய கவனம் இருக்குமா? அவள் காதில் அழுத்தமான சிவப்பு.

திங்கட்கிழமை மங்கை தன் உதவியாளர் ஜெயசீலியைப் பரிசோதனை அறையில் உட்காரவைத்தாள். கடுக்கன் பழுது பார்ப்பது, முடிவுகளைப் பதிவது எல்லாம் அந்தப் பெண்தான்.

“கண்ணை மூடிக்கோ. பொத்தானைத் தொடவே கூடாது. சும்மா உட்காரு.”

“சம்பளத்தோடவா மேடம்?” என்று கேட்டுவிட்டு ஜெயசீலி கண்ணை மூடினாள். திரையில் எண்கள் வந்து போயின. அவள் காது சிவந்தது. லேசாகக் குறட்டைகூடக் கேட்டது.

“ஜெயசீலி,” என்றாள் மங்கை சாதாரணமாக, “கீழே ஞானசிகாமணி சார் கார் வந்து நிக்குது.”

காதில் பச்சை பளிச்சென்று எரிந்தது. கண் திறக்கவில்லை, கை அசையவில்லை, ஒரு எண்ணைக்கூட அவள் பார்க்கவில்லை. முழுப் பச்சை.

“நிஜமாவா மேடம்? ஐயையோ, மேஜையெல்லாம் கிடந்த கிடையா கிடக்கே!”

“வரலை. உட்காரு. உனக்கு ஒரு கதை சொல்றேன்.”

பேராசிரியர் ஞானசிகாமணிதான் கடுக்கனைக் கண்டுபிடித்தவர், இப்போது சென்னையில் வாரியத் தலைவர். மங்கைக்கு எம்.எஸ்ஸி.யில் பாடம் நடத்தியவர்.

“கவனம்னா மூளையில எப்படி இருக்கும்னு மெஷினுக்குக் கத்துக்கொடுக்கணும்ல?” என்றாள் மங்கை. “அதுக்கு ரொம்பக் கவனமா இருக்கிற ஆளுங்க வேணும். எங்க போவார்? எங்க கிளாஸையே கூப்பிட்டு உட்காரவெச்சார். வரலைன்னா இன்டெர்னல் மார்க்குல கை வெச்சிடுவார்னு எல்லாருக்கும் தெரியும். தலையில மூளையை வாசிக்கிற தொப்பியை மாட்டிவிட்டு, மூணு வந்தா அமுக்காதேன்னு சொல்லிட்டு, எங்களுக்குப் பின்னாலயே ஒரு இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டார்.”

“எதுக்கு மேடம்?”

“நாங்க கவனிக்கிறோமான்னு பார்க்க. நடுநடுவுல கனைப்பார். ஒருத்தி தப்பா அமுக்கினப்போ, ‘நோட் பண்ணிக்கிறேன்’னு மட்டும் சொன்னார். அப்புறம் எனக்குத் திரையில கண்ணு இல்லை, பின்னால அவர் என்ன எழுதுறார்ங்கிற பயம்தான். அத்தனை பேர் மூளையிலயும் அப்போ என்ன ஓடிச்சோ அதைத்தான் மெஷின், இதுதான் கவனம்னு படிச்சுக்கிச்சு.”

ஜெயசீலி காதிலிருந்து கடுக்கனைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “அப்போ இத்தனை வருஷமா நாம ஊரெல்லாம் அளந்தது?”

“ஞானசிகாமணி சாரை,” என்றாள் மங்கை.

சென்னியப்பன் யாருக்கும் பயப்படாத மனிதர். அதனால் அவருக்குக் கவனம் இல்லை என்று அரசாங்கம் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறது. மூன்றாவது முறையும் எழுதிக் கொடுக்கப் போவது அவள். அதை நினைக்க மங்கைக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கே தலைவரைப் பார்க்க நேரம் கேட்டு வாங்கினாள்.

சென்னைக்குப் போகும் வழியெல்லாம் அவள் காது பச்சையாக எரிந்தது. ரயிலில் எதிரே இருந்தவர், இப்படிக் கவனமாக ஜன்னல் வழியே பார்க்கிறவர்களைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

ஞானசிகாமணி அவளை அன்பாகத்தான் வரவேற்றார். காபி வரவழைத்தார். அவர் காதில் ஒன்றும் இல்லை. வாரியத் தலைவருக்கு விலக்கு உண்டு. அவள் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, மேஜையில் இருந்த கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“சரிம்மா. பயத்தைத்தான் அளக்குதுன்னே வெச்சுக்குவோம். பயம் இல்லாம கவனம் எங்கேருந்து வரும்?”

“அந்த டிரைவருக்கு வருது சார். ஒரு தப்பு இல்லாம அமுக்கினார்.”

“விபத்து குறைஞ்சிருக்கா, இல்லையா?”

“எல்லா வண்டியும் இருபதுல போகுது சார்.”

“குறைஞ்சிருக்கா, இல்லையா?”

“குறைஞ்சிருக்கு சார்.”

“பிறகென்ன? ஒரு டிரைவருக்காக ஒரு தேசத்தோட அளவுகோலை மாத்தச் சொல்றியா?”

“ஒருத்தர் இல்லை சார். பயப்படாதவங்க எல்லாரும்.”

“அப்படி எத்தனை பேர்ம்மா இருக்கப் போறாங்க நம்ம ஊர்ல?” என்று கேட்டார் ஞானசிகாமணி. கிண்டல் இல்லை. உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்ப்பது போல்தான் கேட்டார். பிறகு சிரித்தார். “உன்னையே எடுத்துக்கோ. என் கிளாஸ்ல நீ கவனிச்சியா, இல்லையா?”

“கவனிச்சேன் சார்.”

“மூச்சு விடாம கவனிப்பே. நான்தான் பார்த்திருக்கேனே. நான் கடைசியா உங்களுக்கு எடுத்த பாடம் என்ன, சொல்லு பார்ப்போம்.”

மங்கை யோசித்தாள். அவருடைய கறுப்பு ஷூ ஞாபகம் வந்தது. அது எந்தப் பலகையில் மிதித்தால் கிறீச்சிடும் என்பது ஞாபகம் வந்தது. கனைப்புகளில் கோபக் கனைப்பு எது, சளிக் கனைப்பு எது என்பதுகூட ஞாபகம் வந்தது. பாடம் வரவில்லை.

“ஞாபகமில்லை சார்.”

ஞானசிகாமணி காபி டம்ளரை நகர்த்தி வைத்தார்.

“அது பழைய சிலபஸ்,” என்றார்.

அந்தப் பாடம் அவருக்கும் ஞாபகமில்லை என்று படியிறங்கும்போதுதான் மங்கைக்குப் புரிந்தது, சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். கீழே வந்து சேர்வதற்குள் அவளைவிட்டு ஏதோ ஒன்று கழன்று போயிருந்தது. இருபது வருடமாக முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போய்விட்டார் போலிருந்தது. தோள்பட்டை வலிகூட இல்லை. ஆஹா, இப்படிப் பயமில்லாமலும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு.

அடுத்த நாள் காலை உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். வாரியத்தின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு. அந்தக் குழு தலைவருக்குக் கட்டுப்பட்டதல்ல, ஏற்றுக்கொண்டால் விசாரித்தே ஆகவேண்டும். கடுக்கன் எதை அளக்கிறது, எப்படி அந்தப் பிழை வந்தது, சென்னியப்பன் ஏன் தோற்றார், ஜெயசீலி எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தேறினாள், எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். சாப்பாட்டை மறந்தாள், மின்விசிறி நின்றதைக் கவனிக்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு ஒன்றிப்போய் அவள் எதையும் எழுதியதில்லை. கணினியில் அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

பதில் உடனே வந்தது.

‘எழுதியவரின் கடுக்கன் நிறம்: சிவப்பு. கவனக்குறைவாக எழுதப்பட்ட ஆவணங்கள் படிக்கப்பட மாட்டா. கவனத்துடன் எழுதி மீண்டும் அனுப்பவும்.’

எழுதுகிறவரின் நிறமும் சேர்ந்து போனால்தான் அரசு ஆவணம் செல்லும் என்று சென்ற வருடம் விதி வந்திருந்தது. நல்ல விதி என்று மங்கையும் கைதூக்கியிருந்தாள். மறுபடி எழுதினாள். சிவப்பு. ஞானசிகாமணி பின்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தாள். பழைய சிலபஸ் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டாள். இரத்தச் சிவப்பு.

“கடுக்கனைக் கழற்றிட்டு அனுப்பினா?” என்றாள் ஜெயசீலி.

“எழுதினது யாருன்னே கேட்காம திருப்பிடும்.”

“என் காதுல மாட்டிக்கிட்டு, நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதட்டா?”

“எழுதினவர் பேர் உன் பேராயிடும். பழியும் உன் தலையில விடியும். வேண்டாம்.”

இப்படியே சென்னியப்பனின் மூன்றாவது பரிசோதனை நாளும் வந்துவிட்டது.

அவர் தனியாக வரவில்லை. வராந்தா பெஞ்சில் பலகாரம் நிறைந்த தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி பாப்பாத்தியம்மாள் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. நெஞ்சு பலவீனம், பஸ்ஸின் டீசல் வாடையே ஆகாது. சென்னியப்பனின் பஸ்ஸில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

மங்கை சென்னியப்பனைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். விதிப்படி அது தவறு. விதி அவளை இப்போது ஒன்றும் செய்யவில்லை. “அது கவனத்தை அளக்கலைங்க. பயத்தை அளக்குது. இன்னிக்கு நீங்க முக்கால் மணி நேரம் பயந்தாப் போதும், பாஸ்.”

“அவ்ளோதானுங்களா?” சென்னியப்பன் சிரித்தார். “மொதல்லயே சொல்லியிருந்தா ஆகியிருக்குமுங்களே. எதுக்குப் பயப்படோணுமுங்க?”

“லைசென்ஸ் போயிடுமேன்னு பயப்படுங்க.”

அவர் கண்ணை மூடி முயன்று பார்த்தார். மஞ்சள். “போனா என்னங்க பண்றது, வேற பொழப்புப் பாக்கோணும்,” என்றார் மன்னிப்புக் கேட்கும் குரலில். பாம்பு, போலீஸ், செத்துப்போவது என்று ஒவ்வொன்றாக மங்கை எடுத்துக் கொடுத்தாள். எதற்கும் மஞ்சள் அசையவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

சென்னியப்பன் வராந்தாவைப் பார்த்தார்.

“மேடம், அவளெ உள்ளே கூட்டியாரலாங்களா?”

கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. பாப்பாத்தியம்மாளுக்கு அவர் பின்னால் ஒரு நாற்காலி போட்டார்கள்.

“பாப்பாத்தி, இது நம்ம பஸ்ஸுன்னு வெச்சுக்க. காரவள்ளி தாண்டியாச்சு. நீ பின்னாடி உக்காந்திருக்கறே.”

“எனக்கு மயக்கமா வருதுங்க,” என்றார் அந்த அம்மாள், சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டு.

சென்னியப்பனின் காதில் பச்சை எரிந்தது.

முக்கால் மணி நேரமும் எரிந்தது. மூன்று வந்தபோதெல்லாம் அமுக்கினார். அமுக்க வேண்டியதைப் பாதி விட்டார். நடுவில் ஒருமுறை பொத்தானையே மறந்து பின்னால் திரும்பி, “என்ன பண்ணுது?” என்று கேட்டார். எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாமக்கல் மையத்தில் இவ்வளவு மோசமாகவும் யாரும் அமுக்கியதில்லை. ஆனால் விரலும் கடுக்கனும் வேறு வேறு சொன்னால் கடுக்கன் சொல்வதே செல்லும். மங்கை சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். ஜெயசீலி கைதட்டினாள். பாப்பாத்தியம்மாள் தூக்குப்போசியைத் திறந்து எல்லோருக்கும் வீட்டில் சுட்ட இனிப்புக் கச்சாயம் கொடுத்தார். மங்கைக்கு நிம்மதியாக இருந்தது, அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வேலையாகக் கொல்லிமலைக்குப் போக வேண்டியிருந்தது. சென்னியப்பனின் பஸ் என்று தெரிந்துதான் ஓடிப்போய் ஏறினாள்.

டிரைவருக்குப் பின் சீட்டில் பாப்பாத்தியம்மாள். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார். இன்னொரு கையில் கவர்.

“வாங்க அம்மிணி,” என்றார் கண்ணைத் திறக்காமல், குரலை வைத்தே அடையாளம் கண்டு.

“நீங்க எங்கம்மா இங்க?”

“தெனமும் வர்றனுங்க. ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும். சான்றிதழ் குடுத்தாப் பத்தாதாமா. ஓட்டற வரைக்கும் பச்சையே எரியோணும்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு. நான் ஏறாட்டி மஞ்சளாப் போயிருதுங்களே.”

“உடம்பு தாங்குதா?”

“தாங்கலீங்க,” என்றார் பாப்பாத்தியம்மாள் சாதாரணமாக. “அது தாங்கலீன்னாத்தான் அவுருக்குப் பச்சை நல்லா எரியுதுங்க.”

காரவள்ளி தாண்டியது. முதல் வளைவிலேயே வண்டி குலுங்கி நின்றது. பிறகு பாய்ந்தது. மறுபடி நின்றது. சென்னியப்பன் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். கண்கள் கண்ணாடியிலேயே இருந்தன, ரோட்டுக்கு அவ்வப்போதுதான் வந்து போயின. கடைசி சீட்டில் யாரோ வாந்தி எடுத்தார்கள். கவர் போகவில்லை. ஒரு திருப்பத்தில் மேலிருந்து லாரி வந்தது. அதன் சத்தம் மங்கைக்கே கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. லாரிக்காரன் அலறி ஒடித்தான். பஸ்ஸின் பின்சக்கரம் விளிம்புக்குப் போய்க் கற்கள் கீழே உருண்டன. உருண்டு எங்கேயோ விழும் ஓசை ரொம்ப நேரம் வரவேயில்லை.

மங்கை சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். தனசேகரன் அவள் முகத்தைப் பார்த்துச் சமாதானம் சொன்னார்.

“பயப்படாதீங்க மேடம். டிரைவருக்குப் பச்சைதான். முன்னேதான் மஞ்சளா ஓட்டிக்கிட்டு இருந்தாரு. இப்ப ஜனங்க இந்த வண்டிக்குன்னு காத்திருந்து ஏறுறாங்க.”

உண்மைதான். பஸ் நிறைந்திருந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இவ்வளவு பேரையும் இந்த மனிதரிடம் இப்படி ஒப்படைத்தது தன் கையெழுத்து என்று மங்கைக்கு உறைத்தது. பழைய பயம் திரும்பி வந்து முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. கைப்பையைத் திறந்தாள். செல்போனை எடுத்து, அறிக்கையை முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுதினாள். குலுக்கலில் பாதி வார்த்தைகள் தப்பும் தவறுமாக விழுந்தன. திருத்தத் தோன்றவில்லை. அனுப்பினாள்.

‘எழுதியவரின் கடுக்கன் நிறம்: முழுப் பச்சை. தங்கள் அறிக்கை ஏற்கப்பட்டது. மூன்று மாதத்துக்குள் விசாரிக்கப்படும். அதுவரை நடப்பு ஏற்பாடுகளே தொடரும்.’

மங்கை அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பக்கத்தில் பாப்பாத்தியம்மாளின் கை சீட்டுக் கம்பியைப் பற்றியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

“எல்லாத் திருப்பமும் முடிஞ்சுதுங்களா, அம்மிணி?”

“இன்னும் கொஞ்சம் இருக்கும்மா,” என்றாள் மங்கை.

அந்தக் குரலில் என்ன கேட்டதோ, சென்னியப்பன் திடுக்கிட்டுக் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அடுத்த வளைவுக்குள் வண்டியைத் திருப்பினார்.